பேர் சொல்லிக் கூப்பிட்டது

நாற்பத்து மூன்று வயது வரைக்கும் பிரேமலதா எந்த விளையாட்டும் ஆடியவள் இல்லை. சங்கரன்கோவில் தாலுகா ஆபீசில் உதவியாளர் வேலை. காலையில் போய் உட்கார்ந்தால் பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று மனு மேல் மனுவாக வந்து விழும். சாயங்காலம் எழுந்திருக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும். அந்த வருஷம் தென்காசியில் நடக்கவிருந்த வருவாய்த் துறை ஊழியர் விளையாட்டுப் போட்டிக்கு, ஒவ்வொரு தாலுகாவும் பெண்கள் இரட்டையர் ஷட்டில் ஆட ஒரு ஜோடியை அனுப்ப வேண்டும் என்று தாள் வந்திருந்தது. தாசில்தார் ஹாலில் நின்று அதைப் படித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார். ஒரு தலையும் நிமிரவில்லை.

அந்த நேரம் பார்த்து ராஜகுமாரி கையில் பயிர்க் கணக்கு எழுதும் அடங்கல் நோட்டோடு உள்ளே வந்தாள். பனவடலிசத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் அவள் வி.ஏ.ஓ. முப்பத்தெட்டு வயது. வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டிக் கறுத்த முகம், எதற்கும் முந்திக்கொண்டு பேசும் வாய்.

"என் பேரப் போடுங்க சார். கூட பிரேமாக்கா பேரயும் போடுங்க" என்றாள்.

"ஏட்டி, எனக்கு மட்டையப் பிடிக்கவே தெரியாது" என்றாள் பிரேமலதா.

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? ரெண்டு பேரும் சேந்து தோப்போம். தனியாத் தோத்தாத்தான யக்கா அசிங்கம்?"

ஆபீஸே சிரித்தது. பெயர் போய்விட்டது.

ராஜபாளையம் ரோட்டில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் முகம்மது ரியாஸ் ஷட்டில் கோர்ட் நடத்திக்கொண்டிருந்தான். காலேஜில் ஆடிக் கப் வாங்கியவன். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் விட்டதும் இருவரும் சுடிதாரில் அங்கே போய் நின்றார்கள். முதல் நாள் அவன் பந்தே போடவில்லை. தரையில் கிடந்த கோடுகளைக் காலால் தொட்டுத் தொட்டுக் காட்டினான்.

"யக்கா, இரட்டையருக்கு அகலம் கூட. இந்த வெளிக்கோடு வரைக்கும் உங்க இடம். ஆனா சர்வீஸ் போடும்போது மட்டும் பின்னாலக் கடைசிக் கோடு கிடையாது, அதுக்கு முந்துன கோட்டுக்குள்ள விழணும். உங்க பாயிண்ட் ரெட்டப்படையா இருந்தா வலது பக்கமிருந்து போடணும். ஒத்தப்படைன்னா இடது பக்கம். எப்பவும் குறுக்கதான் போடணும், நேரா இல்ல. மட்டை இடுப்புக்கு மேல வரப்படாது."

ராஜகுமாரி பாயிண்டை மறந்துவிடுவாள். பிரேமலதா மறக்கமாட்டாள். கோப்பு எண்களை இருபது வருஷம் மனசில் வைத்தவளுக்கு இது ஒரு காரியமா? ஆனால் ஓட்டம் ராஜகுமாரியுடையது. அதனால் இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு ஆள் என்று ரியாஸ் கேலி பண்ணுவான்.

மூன்றாம் வாரம் நிற்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தான். எதிராளி அடிக்கிற நிலையில் இருந்தால் இரண்டு பேரும் பக்கம் பக்கமாக நிற்க வேண்டும், ஆளுக்குப் பாதி. நாம் அடிக்கிற நிலைக்கு வந்துவிட்டால் ஒருத்தி வலைக்குப் பக்கத்தில், ஒருத்தி பின்னால். நடுவில் வருவதை யார் எடுப்பது என்பதில்தான் புதிதாக ஆடுகிறவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்வார்கள். எடுக்கிறவள் 'எனக்கு' என்று கத்த வேண்டும். வெளியே போகிற பந்தாக இருந்தால் 'விடு' என்று கத்த வேண்டும். வேறு ஒரு வார்த்தை கூடாது.

"பேரச் சொல்லி மட்டும் கூப்பிட்டுராதிய. பேரக் கேட்டா ஆளு தன்னால திரும்பும். முன்னால நிக்கவுக எந்தக் காரணத்துக்கும் பின்னால திரும்பிப் பாக்கக் கூடாது. பின்னாலருந்து அடிக்கிற அடி மூஞ்சிலதான் விழும். வலையப் பாத்து நில்லுங்க, மட்டையத் தூக்கிப் பிடிங்க, கூட ஆடுறவுகள நம்புங்க. அவ்வளவுதான் டபுள்ஸ்."

இரண்டு மாசத்தில் பிரேமலதாவின் இடுப்பு வலி போனது. பின்னாலிருந்து எம்பி அடிக்கும் அடி அவளுக்கு நன்றாக வந்தது. அவளே எதிர்பார்க்காத ஒன்று அது. முதல்முறை ரியாஸால் எடுக்க முடியாதபடி அவள் அடித்த அன்று, ராஜகுமாரி மட்டையைப் போட்டுவிட்டு வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நீ அடி யக்கா, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நவம்பர் மாசக் கடைசி. மத்தியானத்திலிருந்தே மழை. ஷெட்டின் தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்கவில்லை. ரியாஸும் ஒரு காலேஜ் பெண்ணும் எதிர்ப்பக்கம் ஆடினார்கள். பதினெட்டுக்குப் பதினேழு. முதல்முறையாக ரியாஸை ஜெயித்துவிடும் தூரத்தில் இருந்தார்கள்.

ராஜகுமாரி வலைக்கு முன்னால், பிரேமலதா பின்னால். எதிர்ப்பக்கத்துப் பெண் பந்தைத் தூக்கிவிட்டாள். அது நடுவாக்கில் வருவதுபோல் பிரேமலதாவுக்குத் தோன்றியது. முன்னால் நிற்கிறவளுக்கு எட்டும் என்று நினைத்தாள். "ராஜி!" என்று கத்தினாள். கத்தி முடிப்பதற்குள் பந்து இன்னும் மேலே ஏறித் தன் தலைக்கு நேராக வருவதைக் கண்டாள். கால் தன்னால் எம்பியது. முழு பலத்தோடு அடித்தாள்.

ராஜகுமாரி திரும்பியிருந்தாள்.

பத்தடி தூரம்கூட இருக்காது. அடித்த சத்தத்தைவிடச் சின்னச் சத்தம் ஒன்று கேட்டது. ராஜகுமாரி கத்தவில்லை. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்தாள். "யக்கா, ஒண்ணும் தெரியல. கறுப்பா இருக்கு" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

ஊர் ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு மேல் கட்டுப் போட்டு உடனே திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ரியாஸ் கார் பிடித்தான். கண் ஆஸ்பத்திரியில் அவளைப் பரிசோதனைக்கு உள்ளே அழைத்துப் போன பிறகு, ராஜகுமாரியின் புருஷன் கணேசன் நனைந்த சட்டையோடு வந்து சேர்ந்தான். கரிசல் காட்டில் மக்காச்சோளமும் உளுந்தும் போடுகிற சம்சாரி. அதிகம் பேசாத மனுஷன்.

"என்ன நடந்துச்சும்மா?" என்று பிரேமலதாவைக் கேட்டான்.

அவள் ரியாஸைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் காதில் அந்தக் கூப்பாடு விழவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. தகரத்தில் பெய்த மழை அதை விழுங்கியிருந்தது.

"அவ திரும்பிட்டா, அண்ணாச்சி" என்றாள்.

அது பொய் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் நடந்ததை அவள் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், இவர் இப்போது இருக்கிற நிலையில் எதற்கு என்று நினைத்தாள்.

இரண்டு ஆபரேஷன் நடந்தது. விழித்திரை கிழிந்து கழன்றிருந்தது. டிசம்பர் நடுவில் டாக்டர்கள் கையை விரித்தார்கள். இடது கண்ணில் வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றார்கள்.

அதற்குள் 'அவ திரும்பிட்டா' என்ற வார்த்தை தாலுகா ஆபீஸ், ஷட்டில் கோர்ட், பனவடலிசத்திரம் எல்லாம் சுற்றி வந்திருந்தது. "படிச்சுப் படிச்சுச் சொல்லிக் குடுத்தானாம் அந்தப் பையன், முன்னால நிக்கவ திரும்பலாமா?" என்றார்கள். ராஜகுமாரியின் மாமியார் வள்ளித்தாய், "பொட்டப்பிள்ள மட்டையத் தூக்கிட்டு ஆடப் போனா இப்படித்தான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ரியாஸ் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துப் பெண்கள் பயிற்சியையே நிறுத்திவிட்டான்.

பிரேமலதா வீட்டில் புருஷனிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். சங்கரநயினார் பள்ளிக்கூட வாத்தியார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தார்.

"நீ வேணும்னு செய்யல. இப்பச் சொன்னா போன கண்ணு வருமா? நாளைக்கு அவுக போலீஸுக்குப் போனா ஒன் வேலை என்ன ஆகும்? கேட்டாச் சொல்லு. கேக்காத வரைக்கும் சும்மா இரு."

பொங்கலுக்கு மறுநாள் கேட்டுவிட்டாள். ராஜகுமாரியே போன் பண்ணினாள்.

"யக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீ என்னையக் கூப்பிட்டியா? ராஜின்னு ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு. அதான் திரும்புனேன். இவுக யாரும் நம்ப மாட்டேங்காக."

அந்த நொடியில் பிரேமலதாவின் வாயில் 'ஆமா' என்ற சொல் வந்து நின்றது. ஏழு வாரமாக எல்லாரிடமும் வேறுவிதமாகச் சொல்லிவந்ததை இனி எப்படி மாற்றுவது? தாசில்தார் முகம், கணேசன் முகம் எல்லாம் கண்முன் வந்தன.

"இல்லட்டி. நான் கூப்பிடல" என்றாள்.

"அப்படியா..." என்றாள் ராஜகுமாரி. பிறகு, "மழை சத்தமாருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மார்ச்சில் கணேசன் மருத்துவ விடுப்பை நீட்டிக்கும் விண்ணப்பத்தோடு ஆபீசுக்கு வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். பிரேமலதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"வேலைய எழுதிக் குடுத்துரலாமான்னு பாக்கோம்மா" என்றான்.

"ஏன் அண்ணாச்சி? ஒத்தக் கண்ணோட எத்தனையோ பேரு வேலை பாக்காகளே?"

"கண்ணுன்னா சமாளிச்சிரலாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "புத்தி நிலையா இல்லம்மா. அன்னைக்கு யாரோ பேரச் சொல்லிக் கூப்பிட்டாகன்னு சொல்லிட்டே இருந்தா. யாரும் கூப்பிடலன்னு நீங்களும் சொல்லிட்டிய. அதுக்குப் பெறவு அவளுக்கே அவ மேல நம்பிக்க இல்ல. இப்ப நெசமாவே யாராவது கூப்பிட்டாக்கூடத் திரும்ப மாட்டேங்கா. ராத்திரி கூப்பிடுற சத்தம் கேக்குன்னு எந்திரிச்சு உக்காருதா. எங்கம்மா பேய்க்காத்துச் சேட்டைன்னு சொல்லுதாக. ஸ்கூட்டர் சாவிய நான் எடுத்து வச்சுட்டேன். எங்கயாவது போயி விழுந்தா என்னம்மா செய்ய?"

பிரேமலதா விண்ணப்பத்தை வாங்கித் தேதி போட்டாள். முத்திரை குத்தினாள். கணேசன் கும்பிட்டுவிட்டுப் போனான். அப்போதும் அவள் போய்ச் சொல்லவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று மூன்று வாரத்தைக் கடத்தினாள்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் கோயிலுக்குப் போனாள். கோமதியம்மன் சந்நிதிக்கு முன்னால் தரையில் சக்கரம் பதித்த குழி ஒன்று உண்டு. மனசு சரியில்லாதவர்களை அதில் உட்கார்த்தி வைத்தால் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்பது ஊர் நம்பிக்கை. பக்கத்தில் புற்றுமண் பூசிய நெற்றியோடு ஒரு கிழவி, குழியில் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். எழுந்துவிடாதபடி அழுத்திக்கொண்டிருந்தாள். உட்கார்ந்திருந்தவள் குளித்துத் தலையை விரித்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அது ராஜகுமாரி.

போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு பள்ளிப் பிள்ளைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சிரித்தன. ஒரு கிராமத்துக்கே சான்றிதழில் கையெழுத்துப் போட்டவள், எந்த ஆபீசர் முன்னாலும் குரல் தாழ்த்தாதவள், அசையாமல் இருந்தாள்.

பிரேமலதா கையிலிருந்த தேங்காய்த் தட்டைக் கீழே வைத்தாள். போய் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"ராஜி" என்றாள்.

ராஜகுமாரி கண்ணைத் திறக்கவில்லை. முகம் மட்டும் இறுகியது. அந்தச் சத்தத்தைத் தள்ளிவிடப் பார்க்கிறாள் என்று பிரேமலதாவுக்குத் தெரிந்தது.

"நாந்தான் பிரேமா. இங்கனதான் இருக்கேன். கண்ணத் தொற."

திறந்தாள். இடது கண் பால் விழுந்ததுபோல் வெளுத்திருந்தது.

"அன்னைக்கு நான்தான் ஒன்னையக் கூப்பிட்டேன். பந்து ஒனக்கு வருதுன்னு நெனச்சு ராஜின்னு கத்துனேன். நீ கேட்டது சரிதான். ஒனக்கு ஒண்ணும் இல்ல, ராஜி. நான் பொய் சொன்னேன்."

வள்ளித்தாய் மருமகளின் தோளிலிருந்து கையை எடுத்தாள். "என்னட்டி சொல்லுதா இவ?"

ராஜகுமாரி அவளைப் பார்க்கவில்லை. பிரேமலதாவையே பார்த்தாள்.

"எத்தன தடவ கூப்பிட்ட?"

"ஒரு தடவ."

"நான் போன்ல கேட்டேன்லா?"

"கேட்ட."

"இல்லன்னு சொன்ன."

"ஆமா."

அழுவாள், அடிப்பாள் என்று பிரேமலதா நினைத்தாள். ராஜகுமாரி பெருமூச்சு விட்டாள். வயிற்றின் அடியிலிருந்து வந்த மூச்சு. விரித்த தலையை இரண்டு கையாலும் அள்ளி முடிந்தாள். எழுந்து சேலையைச் சரிபண்ணினாள்.

"எத்தே, வீட்டுக்குப் போவோம்" என்றவள் பிரேமலதா பக்கம் திரும்பினாள். "நீயும் வா. வந்து எங்க வீட்ல சொல்லு. இங்கன என்ட்டச் சொன்னா யாரு நம்புவா? இதுவும் கிறுக்கச்சி கதைன்னுருவாக."

மூன்று பேரும் பஸ்ஸில் போனார்கள். பனவடலிசத்திரத்தில் கணேசன் வாசலில் உளுந்து மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தான். பிரேமலதா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் பாதி சொன்னது, போனில் பொய் சொன்னது, மார்ச்சில் அவன் எதிரில் உட்கார்ந்து கதை சொன்னபோதும் வாயைத் திறக்காதது, எதையும் விடவில்லை. அவன் கோணூசியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"ஆட்டத்துல கூப்பிட்டது தெரியாம வந்தது. அதுக்கு ஒண்ணும் சொல்ல முடியாது. எம்முன்னால உக்காந்து கேட்டியளே, அன்னைக்கு எப்படிம்மா ஒங்களால முத்திரை குத்த முடிஞ்சுது?"

"பயமா இருந்துச்சு, அண்ணாச்சி."

"எங்களுக்கா பயந்திய?"

போலீசுக்கோ வேலைக்கோ பயந்ததாகக்கூட இப்போது சொல்ல முடியவில்லை. சொன்னால் சின்னதாகத் தெரிந்தது. கணேசன் உள்ளே போனான். திரும்பி வந்து ஸ்கூட்டர் சாவியை மனைவியின் கையில் கொடுத்தான். "ஒன்னைய நம்பாமப் போயிட்டேன்" என்றான். அப்போதுதான் ராஜகுமாரி அழுதாள். அது பிரேமலதா பார்க்கக்கூடாத அழுகை என்பதுபோல் வள்ளித்தாய் கதவைச் சாத்தினாள்.

பிரேமலதா பஸ் நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் காத்து நின்றாள். பஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ராஜகுமாரி நடந்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். கண்ணு போனதுக்கு ஒன் மேல எனக்குக் கோவம் இல்ல. வெளையாட்டுல போச்சு, நானும் ஆசப்பட்டுத்தான் ஆடுனேன். ஆனா அதுக்குப் பெறவு மூணு மாசம் என் காத நானே நம்பல. எம் புருஷன் கூப்பிட்டாத் திரும்பல. எம் பிள்ள அம்மான்னு கூப்பிட்டு, நான் திரும்பாம நின்னு, அவன் அழுதான். அத யாரு குடுப்பா எனக்கு?"

"ராஜி..."

"அந்தப் பேரச் சொல்லாத."

பஸ் வந்தது. பிரேமலதா ஏறினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது ராஜகுமாரி ஏற்கனவே வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் பிரேமலதா தாசில்தாரிடம் போய்ச் சொன்னாள். ரியாஸிடமும் போய்ச் சொன்னாள். அவன் ரொம்ப நேரம் வலையின் கயிற்றை முறுக்கிக்கொண்டே நின்றான். "நான் சரியாச் சொல்லித் தரலன்னு நெனச்சிட்டு இருந்தேன் யக்கா" என்று மட்டும் சொன்னான். ஆபீசில் இரண்டு நாள் பேசினார்கள், பிறகு பேச்சை விட்டார்கள். ஆனால் அவள் ஹாலுக்குள் நுழைந்தால் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். யாரும் வழக்குப் போடவில்லை. வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. சங்கரநயினார் "சும்மா இருன்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா?" என்றார். அன்றைக்கு அவள் அவருக்குத் தட்டில் சோறு போடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஜூனில் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி வந்தது. எல்லா வி.ஏ.ஓ.க்களும் கிராமப் பதிவேடுகளோடு வந்து குவிந்த நாளில், வரிசையில் ராஜகுமாரியும் நின்றாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். தானே ஸ்கூட்டர் ஓட்டி வந்ததாக யாரோ சொன்னார்கள். அவள் முறை பிரேமலதாவின் மேஜைக்குத்தான் வந்தது. வேறு மேஜைக்குப் போக வழியில்லை.

"வணக்கம் மேடம். எங்க கிராமத்துப் பதிவேடு" என்றாள் ராஜகுமாரி.

ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. பதிவேட்டை வைக்கும் முன்பு இடது கையால் மேஜையின் விளிம்பைத் தேடித் தொட்டுப் பார்த்தாள். பிரேமலதாவின் கை தன்னையறியாமல் முன்னால் போனது. ராஜகுமாரி அதைக் கண்டு பதிவேட்டோடு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். கை திரும்பி மடிக்கு வந்த பிறகுதான், மறுபடியும் விளிம்பைத் தொட்டுப் பார்த்து, பதிவேட்டை மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

பிரேமலதா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"நன்றி மேடம்" என்று வாங்கிக்கொண்டு, இடப்பக்கமாகத் தலையைத் திருப்பிப் படியைப் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனாள் ராஜகுமாரி. அடுத்த வி.ஏ.ஓ. தன் பதிவேட்டை மேஜைமேல் போட்டார். பிரேமலதா அதைத் திறந்தாள்.